பெரும்பாக்கம் நாட்டு வீராங்கனை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெரும்பாக்கத்து ரேவதிக்கு வெளிநாட்டுக் குடியுரிமை கிடைத்தது. பாஸ்போர்ட் கேட்கவில்லை. விசா கேட்கவில்லை. ஒரு டீ-ஷர்ட் கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டாள். அவ்வளவுதான்!

எந்த நாடு என்று அவளுக்கே தெரியாது. நாட்டின் பெயர் முதுகுப் பக்கம் இருந்தது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள். நேரில் பார்த்திராவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன். கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன்.

சேலையூர் பக்கத்தில் எங்கள் ஏரியாவுக்கென்று ஒரு மைதானம் உண்டு. வெறும் செம்மண் தரை. காலையில் நாங்கள் சர்க்கரையைக் குறைக்க அதைச் சுற்றி நடப்போம். எங்களைத் தாண்டிக்கொண்டு ஜெசிந்தா டீச்சரின் பெண்கள் ஓடுவார்கள். டீச்சர் எங்கள் தெருக்காரர். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். கழுத்தில் சிலுவைச் செயினும் விசிலும் சேர்ந்தே தொங்கும். சர்ச்சுக்குப் போகும்போது மட்டும் விசிலைக் கழற்றுவார் என்று கேள்வி.

அந்தப் பெண்களில் ஒருத்திதான் ரேவதி. பத்தாம் வகுப்பு. கூவம் கரையிலிருந்து குடும்பத்தோடு பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றப்பட்டவள். மேடவாக்கத்தில் பஸ் மாறி வருவாள். நானூறு மீட்டர் ஓடுவாள். ஓடுவாள் என்று சாதாரணமாக எழுதிவிட்டேன்... அவள் தாண்டிப் போகும்போது நாம் நின்றுகொண்டிருக்கிறோமோ என்று நமக்கே சந்தேகம் வரும்.

இந்த நேரத்தில்தான் நம் ஊரில் சர்வதேச தடகளப் போட்டி என்று அறிவித்தார்கள். போட்டியெல்லாம் நகரத்துக்குள்ளே. எங்கள் மைதானம் ‘பயிற்சி மைதானம்’. வெளிநாட்டு வீரர்கள் இங்கே வந்துதான் கைகால் உதறப் போகிறார்களாம். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் தேவசகாயம் சார் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார்.

மறுநாள் கேட்டில் பூட்டு.

முதலில் கட்டியது என்ன தெரியுமா? ஆர்ச்! வரவேற்பு வளைவு. இரண்டு யானைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உள்ளே போகலாம். அப்புறம் பூந்தொட்டிகள். அப்புறம் பாத்ரூம். கையை நீட்டினால் தானாகத் தண்ணீர் கொட்டும் குழாய் என்றார்கள். நீட்டிப் பார்த்தவர்கள் சொன்னார்கள் – குழாய் வந்திருக்கிறது, தண்ணீர்தான் இன்னும் வரவில்லை. எதிரே இருந்த குப்பை மேட்டைப் பச்சைத் துணி கட்டி மறைத்தார்கள். நாற்றத்தை மறைக்கிற அளவுக்குத் துணி கிடைக்கவில்லை போலிருக்கிறது.

கடைசியில் ஒருவழியாக சிவப்பு சிந்தெடிக் டிராக் வந்தது. அடை மழையில், குடை பிடித்துக்கொண்டே ஒட்டினார்கள்.

அதற்குள் பேப்பரில் தினம் ஒரு செய்தி. நாற்காலி வாடகையில் ஊழல். கொடிக்கம்பத்தில் ஊழல். தொடக்க விழாவில் பறக்கவிட வாங்கிய பலூனில்கூடக் கமிஷன். எங்கள் ஸ்டாண்டு ஆட்டோ மணி, டீக்கடையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைக் கேட்டார்.

“இன்னா சார், இவங்க கிரவுண்டு கட்றது ஓடறதுக்கா... இல்ல, சுருட்டிகினு ஓடறதுக்கா?”

டீச்சரின் பெண்கள் நடுத்தெருவில் நின்றார்கள். மாவட்டத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஓட்டத்திலும் முதலிரண்டு இடம் பிடிப்பவர்கள்தான் மாநிலப் போட்டிக்குப் போக முடியும். வேறு வழியில்லாமல் கேம்ப் ரோடு பக்கத் தெருக்களில் ஓடினார்கள் – தண்ணீர் லாரிக்கு ஒதுங்கி, நாய்க்குப் பயந்து, கேபிள் பள்ளத்தைத் தாண்டி. நானூறு மீட்டர் ஓடுகிற பெண்ணுக்குத் தடை ஓட்டமும் சேர்த்துப் பயிற்சி!

டீச்சர் மனு கொடுத்தார். ‘சர்வதேசப் போட்டி முடியட்டும்’ என்றார்கள். உள்ளூர்ப் பெண் ஓடினால் டிராக் அழுக்காகிவிடுமாம்.

எங்கள் சங்கம் கொதித்தது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ‘ரத்தம் கொதிக்கிறது’ என்று போட்டார். அதற்குப் பதினெட்டாம் நம்பர் வீட்டுக்காரர் கைதட்டும் பொம்மை போட்டார். தேவசகாயம் சார் உச்சத்துக்கே போனார். “விடமாட்டேன் சார்! திங்கட்கிழமை கேட் முன்னாடி மனிதச் சங்கிலி. தாம்பரமே திரண்டு வரும், பாருங்க!”

சனிக்கிழமை கூரியர் வந்தது. சங்க நிர்வாகிகள் எல்லோருக்கும் வி.ஐ.பி. பாஸ். கழுத்தில் மாட்டிக்கொள்ள நீல நாடா. செயலாளருக்கு மட்டும் தங்க நிற நாடா.

ஞாயிறு காலையிலிருந்து குழுவில் ‘இனிய காலை வணக்கம்’ ரோஜாப்பூக்கள் மட்டுமே மலர்ந்தன. சாயங்காலம் தேவசகாயம் சார் ஒரு செய்தி அனுப்பினார். ‘நாட்டின் மானம் சம்பந்தப்பட்ட நேரம். குறைகளைப் பெரிதுபடுத்த வேண்டாம்.’

திங்கட்கிழமை கேட் முன்னால் திரண்டது ஜெசிந்தா டீச்சர், ஆட்டோ மணி, நான். எனக்கு யாரும் பாஸ் அனுப்பவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று பேர் கை கோத்தால் அதற்கு மனிதச் சங்கிலி என்றா பெயர்? மனிதக் கொக்கி!

கொக்கி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒருவர் வந்தார். கோட்டு, சூட்டு. பயிற்சி மைதானத்தின் ஒருங்கிணைப்பாளர். எங்களை விரட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ டீச்சரிடம் கையைக் கூப்பினார்.

“மேடம், நீங்கதான் ஹெல்ப் பண்ணணும். நாளைக்கு ஃபாரின்லேர்ந்து இன்ஸ்பெக்‌ஷன். டீம்ஸ் பிராக்டிஸ் பண்ற மாதிரி காட்டணும்.”

“காட்டுங்க. டீம்ஸ் எங்கே?”

“வந்தாங்க மேடம். பாத்தாங்க. போய்ட்டாங்க.”

டீச்சர் சிரிக்கவில்லை. “அதுக்கு?”

“உங்க பொண்ணுங்களை அனுப்புங்க. டீ-ஷர்ட் நாங்க தர்றோம். சின்னச் சின்ன நாடுங்கதான், முகமெல்லாம் யாருக்கும் தெரியாது. செக் பண்ண வர்ற அம்மா கேலரியிலதான் உக்காருவாங்க. தூரத்துலேர்ந்து பார்த்தா எல்லாம் ஒண்ணுதான் மேடம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டீச்சர் யோசித்தார். பூட்டிய கேட்டைப் பார்த்தார். “தேர்வு வரைக்கும் தினம் காலையில எங்களுக்குத் திறந்துவிடணும். எழுதிக் குடுங்க. அப்புறம், யாராவது கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்.”

“யாருமே கேக்க மாட்டாங்க மேடம்!”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இத்தனை நாள் யார் கேட்டார்கள்?

செவ்வாய்க்கிழமை. வேலிக்கு வெளியே நடைப்பயிற்சிக் கூட்டம் மொத்தமும் நின்றது. தேவசகாயம் சார் தங்க நாடாவோடு உள்ளே முன்வரிசையில். நானும் மணியும் வேலியோரம். மைதானத்துக்குள்ளே பல வண்ண டீ-ஷர்ட்டுகளில் சேலையூர், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெரும்பாக்கம் ஆகிய நாடுகளின் வீராங்கனைகள்.

ஆய்வுக்கு வந்த வெள்ளைக்கார அம்மையார் கேலரியில் உட்காரவில்லை. உட்காருங்கள் என்று நாற்காலி போட்டார்கள், இளநீர் கொடுத்தார்கள், மாலைகூடப் போட்டார்கள். மாலையோடு நேராக டிராக்குக்கு இறங்கிவிட்டார். ஒருங்கிணைப்பாளருக்கு வியர்த்தது.

விசில். பெண்கள் ஓடினார்கள்.

எத்தனை நாளைக்குப் பிறகு நாய் இல்லாத, லாரி இல்லாத இடம்! ரேவதி ஆசை தீர ஓடினாள். கூட ஓடியவர்கள் பின்தங்கிப் போனார்கள். வேலியோரம் கைதட்டல் எழுந்தது. அந்த அம்மையாரும் ஒரு கணம் ஆய்வை மறந்து நின்று பார்த்தார்.

மூன்றாவது வளைவில் டிராக், தோசை ஓரம் கல்லை விட்டுக் கிளம்புகிற மாதிரி லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. ரேவதியின் கால் அதில் மாட்டியது.

விழுந்த சத்தம் வேலி வரைக்கும் கேட்டது.

முட்டியில் ரத்தம். ஆனால் அந்தப் பெண் முட்டியைப் பார்க்கவே இல்லை. கிழிந்துகிடந்த ரப்பரைப் பார்த்தாள். ஓடி வந்த டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

“நான் கிழிக்கல மிஸ்! அதுவா வந்துச்சி மிஸ்... சத்தியமா நான் ஒண்ணியும் பண்ணல மிஸ்!”

ஒருங்கிணைப்பாளர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். “பாத்து ஓடக் கூடாதா? எவ்ளோ பேரோட உழைப்பு இது, தெரியுமா?”

ஜெசிந்தா டீச்சர் நிமிர்ந்தார். அவருக்குக் குரலை உயர்த்த விசிலே தேவையில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். “ஓடுறதுக்குத்தானே சார் டிராக்? பாத்து பாத்துக் கால் வைக்க இது என்ன முட்டைக் கடையா?”

அதற்குள் வெள்ளைக்கார அம்மையார் ரேவதியின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். கைக்குட்டையால் முட்டியைத் துடைத்துவிட்டு, தோளில் தட்டிக்கொடுத்து, எந்த நாடு என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ரேவதி தேம்பலுக்கு நடுவே சொன்னாள். “பெரும்பாக்கம் மேடம்.”

அம்மையார் புரியாமல் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார். அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “இட்ஸ் எ ஸ்மால் ஐலேண்ட், மேடம்.”

மழைக்காலத்தில் அது உண்மையும்கூட.

எப்போது வந்து இறங்கினீர்கள் என்று அடுத்த கேள்வி. “காலைல பஸ்ல வந்தேன். மேடவாக்கத்துல மாறி” என்றாள் ரேவதி. “மார்னிங் ஃப்ளைட்” என்று மொழிபெயர்த்தார் ஒருங்கிணைப்பாளர்.

அதோடு டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. தன் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். பூட்டிய கேட், தெருவில் ஓடிய பெண்கள், காலையில் கொடுத்த டீ-ஷர்ட். கிராமர் முன்னே பின்னே இருந்தது. விஷயம் நேராக இருந்தது.

அம்மையார் டிராக் பக்கம் திரும்பினார். கிழிந்த இடத்தை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். வந்தது. இன்னும் இழுத்தார். பாய் மாதிரி சுருண்டு வந்துகொண்டே இருந்தது. அடியில் தார் இல்லை. கான்கிரீட் இல்லை. செம்மண்தான் இருந்தது.

ரேவதி அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. “மிஸ்... நம்ம கிரவுண்டு! உள்ளயே கீது மிஸ்!”

வேலியோரம் முதலில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும். அப்புறம் சட்டென்று ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அமைதி எனக்கே பயமாக இருந்தது. ஊழல், ஊழல் என்று பேப்பரில் எத்தனையோ முறை படித்துவிட்டு டீயை உறிஞ்சியவர்கள்தான் நாங்கள். பேப்பரில் வரும் ஊழலுக்கு முட்டி கிடையாது. இதற்கு இருந்தது, அதிலிருந்து ரத்தம் வந்தது.

மணிதான் முதலில் கேட்டைத் தள்ளினார். “கொய்ந்தயப் போய் மெரட்டுறியே, நீயெல்லாம் மனுசனாய்யா?” பின்னாலேயே கூட்டம் போனது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. சுற்றி நின்று கேள்வி கேட்டார்கள், அவ்வளவுதான். ஒருங்கிணைப்பாளருக்கு அதுதான் அதிகம் வலித்திருக்கும். தேவசகாயம் சாரின் தங்க நாடாவைத் தேடினேன். காணோம். சட்டைப் பை மட்டும் புடைத்திருந்தது.

மணியின் ஆட்டோவில் ரேவதியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தையல் போட்டார்கள்.

அப்புறம் மளமளவென்று காரியங்கள் நடந்தன. பயிற்சி மைதானம் என்ற அந்தஸ்து ரத்து. ஒருங்கிணைப்பாளருக்குத் தண்டனை – வேறொரு சர்வதேசப் போட்டிக்கு மாற்றிவிட்டார்கள், இன்னும் பெரிய பதவியில். டிராக்கை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டதற்கு, போடுவதற்குத்தான் பட்ஜெட் இருந்தது, எடுப்பதற்கு இல்லை, வேண்டுமானால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

எடுத்துவிட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்தவர்கள், கோயிலிலிருந்து வந்தவர்கள், எங்கிருந்தும் வராதவர்கள் எல்லோரும் குனிந்து இழுத்தோம். ‘ரத்தம் கொதிக்கிறது’ என்று போட்டவரும் வந்திருந்தார். விரலால் தட்டுகிற கோபத்தைவிட, குனிந்து இழுக்கிற கோபம் உடம்புக்கு நல்லது. எனக்குச் சர்க்கரைகூடக் குறைந்திருக்கிறது. தேவசகாயம் சார் குழுவில் எழுதினார், ‘நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்!’

போன வாரம் மாவட்டத் தேர்வு நடந்தது. தையல் பிரித்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. ரேவதி பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். கடைசி வளைவு வரை இரண்டாவதாகத்தான் இருந்தாள். கடைசியில் மூன்றாவது. முதலிரண்டு பேர் மாநிலத்துக்குப் போகிறார்கள்.

ஜெசிந்தா டீச்சர் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன்.

“வுடு சார். அடுத்த வருசமும் ஓட வுடுவாங்க இல்ல?” என்றாள் ரேவதி.

விடுவார்கள் என்றுதான் சொன்னேன். சொல்லும்போது அவள் கண்ணைப் பார்க்கவில்லை. ஏனென்றால், எங்கள் மைதான ஊழலை விசாரிக்க ஒரு கமிட்டி போட்டிருக்கிறார்கள். கமிட்டி உட்கார இடமில்லை என்று மைதானத்திலேயே ஒரு ஏ.சி. கட்டடம் கட்டப் போகிறார்களாம் – டெண்டர் விட்டாயிற்று!