மகனின் முதல் கார்ட்

என் மகன் கொள்ளுப்பிட்டியில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தோடு வங்கிக் கார்டையும் வெள்ளவத்தை வீட்டுக்குக் கொண்டு வந்தான். அதைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன். பின்பக்கம் அவன் வைத்த கையெழுத்து வடிவாக இருந்தது. அதனால் மறுநாள் காலை, அவன் குளிக்கப் போன நேரம் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து பேஸ்புக்கில் போட்டேன். கையில் எவ்வளவு காசு இருக்கிறதென்று சொந்தத் தங்கச்சிக்கே சொல்லாத ஆள் நான். ஆனால் சந்தோஷத்தை மறைக்கத் தோன்றவில்லை.

மத்தியானம் அலுவலகத்தில் இருந்து மகன் போன் எடுத்தான்.

"அம்மா, கார்டைப் படமெடுத்துப் போட்டனீங்களோ?"

"ஓம். ஏன் தம்பி?"

"ஆரோ அதில இருக்கிற நம்பரை வச்சு சாமான் வாங்கப் பாத்திருக்கினம். உறுதிப்படுத்தச் சொல்லி வங்கியில இருந்து எனக்கு மெசேஜ் வந்தது. உடனே கார்டை நிப்பாட்டிப்போட்டன். காசு போகேல்லை. பயப்படாமல் படத்தை அழியுங்கோ."

படத்தை அழிக்க எங்கே அழுத்துவதென்றே தெரியவில்லை. அவன்தான் ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தான்.

பின்னேரம் வந்து ஏசுவான் என்று நினைத்தேன். ஆனால் அவன் பக்கத்தில் வந்து இருந்து, "எல்லாருக்கும் சொல்ல விருப்பமெண்டால் என்னைப் படமெடுத்துப் போடுங்கோ அம்மா" என்றான். இணையத்தில் தன் முகத்தைக் காட்டவே விரும்பாத பிள்ளை, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் நின்றான்.

இப்போது எந்தப் படத்தையும் முதலில் அவனுக்கே அனுப்புகிறேன். "ஓம் அம்மா" என்று பதில் வந்த பிறகுதான் ஊருக்குக் காட்டுகிறேன்.