தெரியாது என்று எழுதிய பட்டியல்

கிளப்பில் கிராணி வேலை என்பது கணக்கு எழுதும், பேனா பிடிக்கிற வேலைதான். காட்டுக்குள் ஒளிந்த சீனக் கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்காரன் வேட்டையாடிய அவசரகாலத்தில் அதைவிடத் துப்பாக்கி பிடிப்பது நிம்மதி. பெயர்ப் பட்டியல் எழுதிப் பிழைத்தவர்கள் ஒப்புக்கொள்வீர்கள். எங்களுடையது மலாயாவில் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் நடுவே, தோட்டத் துரைமார்கள் விளையாட வரும் கிளப். ஒருநாள் செயலாளர் துரை ஒரு தாளை நீட்டினார். ஒவ்வொரு வேலையாள் பெயருக்கு எதிரேயும் இரண்டு கட்டம்: என்ன தெரியும், என்ன பயிற்சி தேவை. நகல் ஒன்று போலீசுக்கும் போகும் என்றார்.

பேனா

பாரில் ஊற்றிக் கொடுக்கும் சவரிமுத்து அண்ணன் காய்கறிச் சீனரிடம் அவர் பாஷையிலேயே பேரம் பேசுவார். "சீனம் தெரியும்னு போடட்டுமாண்ணே?" என்றேன். தம்ளர் துடைத்த கை நின்றுவிட்டது. போன மாதம்தான் தோட்டத்து லயன் வீடுகளில் இருந்தவர்களைப் போலீஸ்காரர்கள் வரிசையில் நிறுத்தினார்கள். முகத்தை மூடிய ஒருவன் யாரைப் பார்த்துத் தலையாட்டினானோ, அவர்களை லாரி ஏற்றிக்கொண்டு போனது. அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "அவன் தலைய ஆட்டினான், நீ பேனாவ ஆட்டுற. வர்ற லாரி ஒண்ணுதானே, தம்பி?" சீனம் தெரியாது என்று எழுதினேன்.

ஆறாவது குழி

கோல்ஃப் மைதானத்தில் ஆறாவது குழி காட்டோரம். உள்ளே போன பந்தைப் பொன்னம்மா அக்கா எப்படியும் எடுத்து வந்துவிடுவார். காட்டு வழி தெரியுமா என்று கேட்டபோது அவர் மடியிலேயே ஏழு பந்து இருந்தது. "எனக்கு வேலியோட சரி, எழுதிக்கோ லா. வழி தெரியும்னா, உள்ள இருக்கறவனுக்குச் சோறு கொண்டு போனியான்னுதான் போலீஸ்காரன் அடுத்து கேப்பான்."

முடிச்சு

சனிக்கிழமை டென்னிஸ் ஆடிய துரை ஒருவர் பந்தைத் துரத்திப் போய், உடைந்த பாட்டில்மேல் விழுந்தார். காலில் ரத்தம் பீறிட்டது. மைதானத்தில் உருளை இழுக்கும் காளியப்பண்ணன் தலைத்துண்டைக் கிழித்துக் கட்டி, குச்சி செருகி முறுக்கினார். ரத்தம் நின்றது. ஜப்பான்காரன் சயாம் ரயில் போட இழுத்துப்போன இடத்தில் கற்றது அது.

எதிர்ப்பக்கம் ஆடியவர் போலீஸ் துரை. அவர் அந்தக் கட்டுப் போட்ட விதத்தையே பார்த்தார். குண்டடி பட்டவனுக்குக் கட்டுகிற மாதிரி இருக்கிறதே, யாருக்குக் கட்டிப் பழகினான் என்று என்னைக் கேட்டார். சயாம் என்றால் சாட்சி கேட்பார். கூடப் போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. காளியப்பண்ணனுக்கு மூன்று பிள்ளைகள். "தெரியாது சார், பதற்றத்துல சுற்றிட்டார்" என்றேன். அவர் கண்முன்னாலேயே தாளில் எழுதினேன்: முதலுதவி தெரியாது, பயிற்சி தேவை. குனிந்து வாசித்தார். இரண்டாம் தடவையும் வாசித்தார். பிறகு மட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுவாரம் காளியப்பண்ணனைச் சிரம்பானில் முதலுதவி வகுப்புக்கு அனுப்பினார்கள். சான்றிதழைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். "இனிமே எவனுக்கு அடிபட்டாலும் பயப்படாம கட்டலாம், தம்பி. எங்க கத்துக்கிட்டேன்னு காட்ட ஒரு தாள் இருக்கு."

ஒன்றுமே தெரியாத ஆட்களை வைத்து எப்படிக் கிளப் நடத்துவது என்று செயலாளர் துரை தலையில் கைவைத்தார். அந்த ஒன்றும் தெரியாதவர்கள் அத்தனை பேரும் அவரவர் வீட்டில்தான் தூங்கினார்கள்.