சிவப்பு டேப்

கல்யாண வீடியோ எடுக்கும் அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்து வீடியோவைக் கொடுத்தாகிவிட்டால் மட்டுமே அந்த ஹார்ட் டிஸ்க்கில் சிவப்பு டேப் ஒட்டுவார். டேப் ஒட்டியதை யாரும் தாராளமாக அழிக்கலாம்.

கல்லூரி புராஜெக்டுக்காகக் கடைக்குட்டி ஒரு பழைய கம்ப்யூட்டரை டிவியோடு இணைத்து, வீட்டுக்குள்ளேயே தியேட்டர் செய்துகொண்டிருந்தாள். அப்பாவின் அலமாரியிலிருந்து டேப் ஒட்டிய டிஸ்க் ஒன்றை எடுத்து மாட்டி, சுத்தமாக அழித்து, கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் சாஃப்ட்வேரை ஏற்றினாள். டிவியில் படம் பளிச்சென்று வந்தது. சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மாவும் வாயெல்லாம் பல்லாகப் பார்த்தாள். "காலையில அலமாரியத் துடைச்சேன்டி. பாதி டேப் உரிஞ்சு கீழ கிடந்துச்சு. எல்லாத்தையும் திரும்ப ஒட்டிட்டேன்."

கடைக்குட்டி டிவியை விட்டுச் சட்டென்று திரும்பினாள். "எதுமேல ஒட்டினே?"

"எதுல டேப் இல்லியோ அதுல."

வாசலில் செருப்புச் சத்தம். அப்பா வந்து டிவியைப் பார்த்து அசந்து நின்றார். "அடேயப்பா, நீயே செஞ்சியா! இரு, டாக்டரம்மா மக கல்யாணம் இன்னும் எடிட் பண்ணல. அந்த டிஸ்க்கைக் கொண்டாறேன், இதுலயே பாக்கலாம்."

கடைக்குட்டி கம்ப்யூட்டரில் மாட்டியிருந்த டிஸ்க்கைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்பா டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வைக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.