கல் வளைவின் தலைச்சுமை

போன வாரம் காலையில் கிழக்கேகோட்டையிலிருந்து முதல் பஸ் பிடித்து வர்க்கலாவுக்கு ஓடினேன். மகள் செல்வி போனில் அழுதிருந்தாள். "அம்மா, இந்த மழைக்கு அந்தக் கல்லு விழுந்திரும்னு எல்லாரும் சொல்லுதாங்க. கடையைக் காலி பண்ணணுமாம்."

அங்கே கடலோரக் குன்றில் மணல்கல் ஒரு வாசல் மாதிரி வளைந்து நிற்கிறது. பக்கத்திலேயே இவள் டீக்கடை. பிழைப்பே அதுதான்.

போய்ப் பார்த்தேன். கால் ஒல்லி... மண்டை பெரிது. எனக்குப் படிப்பு, கையெழுத்துப் போடுகிற அளவுதான். ஆனால் முப்பது வருஷம் சித்தாள் வேலை பார்த்தவள் — எனக்கா தெரியாது?

"மாப்ளே, மேலே ஏறி அந்தப் பாரத்தைக் கொத்தி எடுங்க. கல்லு நிக்கும்."

மருமகன் உளியோடு ஏணியில் ஏறிவிட்டார். அந்த நேரம் பார்த்து, கல்லைச் சோதிக்க வந்த ஆபீசர் பெண் கீழேயிருந்து மலையாளம் கலந்த தமிழில் கத்தினாள்.

"ஐயோ, வேண்டா சேட்டா! இறங்குங்க!"

எனக்குச் சுருக்கென்றது. "நான் பார்க்காத வளைவா, மோளே?"

"அம்மே, நீங்க பார்த்தது கட்டின வளைவு. இது யாரும் கட்டினதில்ல." ஈர மணலை அள்ளி இறுக்கிப் பிடித்தாள். "முன்னே இது முழுச் சுவர். ஒரு வெடிப்பு விழுந்து, உப்புக் காத்தும் மழையும் மணலை உதிர்த்திருக்கு. மேலே பாரம் இல்லாத மணல் முதல்ல போகும். பாரம் அமுக்கற மணல் ஒண்ணோடொண்ணு கோத்துக்கும், லேசுல உதிராது. போனது போக மிஞ்சினதுதான் இது. சின்னக் கால்ல பெரிய தலையோட நிக்கிற மணல்பாறையும் இப்படித்தான்."

"அப்போ சுமையை எடுத்தா?"

"பிடி விட்டுப் போகும் அம்மே."

ஏணியை நானே பிடித்து மருமகனை இறக்கினேன். சொன்ன சொல்லை நான் மாற்றுவது அபூர்வம்.

மத்தியானம் வரை அவள் தட்டித் தட்டிப் பார்த்தாள். "புது வெடிப்பு இல்ல. இந்த மழைக்குப் பயம் வேண்டா. கடையை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்க. அடுத்த மழைக்கு முன்னே வந்து பார்க்கறேன்."

செல்விக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எல்லோருக்கும் டீ போட்டாள் — சர்க்கரையை மறந்து. யார் குறை சொன்னார்கள்?

திரும்பும்போது பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன். தலையில் கலவைச் சட்டி இருந்த காலம் முழுக்க, சாரத்தில் ஒரு நாளும் நான் தடுமாறியதில்லை.

வேலையை விட்டு, கைவீசி நடந்த முதல் மாதம்தான் சொந்த வாசற்படியில் விழுந்தேன்!