கங்காணி கிழித்த புது விரிப்பு

டர்ர்ர்... என்று பழைய துணி கிழியும் சத்தம். மார்கழி மாதத்துக் காலை. ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பனி. அந்த நீண்ட மண்டபத்தில் இருமலைத் தவிர வேறு சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. கண்டி டவுனிலிருந்து ஹந்தானைக்கு ஏறும் பாதையில் இருந்த ஒரு வயோதிபர் மடத்தில் ஆயா வேலை. ஆண்கள் பக்கம் என் பொறுப்பு. பதினொரு கட்டில், பதினொரு கிழவர்கள்.

குளிர் வந்துவிட்டால் அவர்கள் எழும்பவே மாட்டார்கள். சீமெந்துத் தரை அப்படிச் சில்லிட்டுக் கிடக்கும். ஒரு காலைக் கீழே வைத்துப் பார்ப்பார்கள், "ஆத்தாடி!" என்று மறுபடி கம்பளிக்குள் சுருண்டுவிடுவார்கள். சோறும் கட்டிலில், தேத்தண்ணியும் கட்டிலில்.

டொக்டர் வந்து ஒவ்வொருவர் முழங்காலையும் மடக்கிப் பார்த்தார். இப்படியே கிடந்தால் தை பிறக்கும்போது பாதிப் பேருக்கு நடையே மறந்துவிடும் என்றார். முந்திய வருஷம் அப்படிப் படுத்த இரண்டு பேர் திரும்ப எழும்பவில்லை.

மேட்ரன் யாழ்ப்பாணத்துக்காரி. சிரித்து யாரும் பார்த்ததில்லை. "நீ என்ன செய்வியோ எனக்குத் தெரியாது பிள்ளை. இவையளை எழுப்பி இருத்து," என்றார்.

நான் யோசித்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் அம்மா பழைய சேலைகளை நீளநீளமாகக் கிழித்து, சடை மாதிரிப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்துத் தரையில் போடுவார். தரை குளிர்வதால்தானே இவர்கள் எழும்பவில்லை? அவரவர் கட்டிலடிக்கு அவரவரே ஒரு மிதியடி பின்னட்டும்...

டவுனில் வீடுவீடாகப் போய்ப் பழைய துணி மூட்டை ஒன்று சேர்த்துக்கொண்டு வந்தேன்.

முதலில் கை நீட்டியவர் ஹனீபா நானா. அலவத்துகொடையில் தையல் கடை வைத்திருந்தவர், கண் பார்வை போய் மடத்துக்கு வந்தவர். துணியைத் தடவிப் பார்த்து, ஓரத்தில் பல்லால் ஒரு கடி கடித்து, ஒரே இழுப்பில் கிழித்தார். நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது.

அடுத்த கட்டில் பெரியசாமி கங்காணிக்கு அது பொறுக்கவில்லை. பன்வில பக்கத் தோட்டத்தில் நூறு பேரை வேலை வாங்கியவர் அவர்.

"இந்தச் சடை பின்ற வேலைக்கா என்னைய எழுப்புற? போ புள்ள."

"நீங்க படுங்க தாத்தா," என்றேன். "ஹனீபா நானா பாத்துக்குவாரு."

கம்பளிக்குள் இரண்டு தரம் புரண்டார். பிறகு கம்பளியை உதறிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "கண்ணு தெரியாத மனுசன் கிழிக்கிறாரு. நான் கிழிக்க மாட்டேனா?"

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அந்த மண்டபமே அவர் தோட்டமாகிவிட்டது. காலை ஏழு மணிக்குப் பிரட்டு! தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துக் கொடுப்பதைத்தான் அப்படிச் சொல்வோம். நாலு பேர் கிழிக்க, அஞ்சு பேர் பின்ன, ஹனீபா நானா தைக்க. கங்காணி கம்பை ஊன்றிக்கொண்டு மேற்பார்வை. படுத்துக் கிடப்பவரைப் பார்த்து, "என்ன, இன்னைக்கு அரைப்பேரா?" என்பார். தோட்டத்தில் பாதி நாள் கூலிக்குத்தான் அந்தப் பேர். அந்த அவமானத்துக்கே எழும்பி வருவார்கள்.

ஒரே தொல்லை, துணி சீக்கிரம் தீர்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, மடத்துக் கமிட்டி அம்மாமார் வருகிறார்கள் என்று மேட்ரன் கட்டில்களுக்குப் போடப் பதினொரு புது விரிப்பு எடுத்துக் கதிரையில் அடுக்கி வைத்திருந்தார். நான் சுடுதண்ணி எடுத்துக்கொண்டு திரும்பி வரும்போது, கங்காணி வெள்ளையாக எதையோ கிழித்து முடித்திருந்தார்.

ஹனீபா நானா ஒரு கீற்றை எடுத்து மூக்கில் வைத்தார்.

"மகள்... இது பழைய புடவ இல்ல. கஞ்சி மணம் இன்னும் ஈக்கிது."

மேட்ரனின் புது விரிப்பில் ஒன்று! இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. கங்காணியின் முகமும் செத்துப்போனது. ஆனால் வாய் மட்டும் குறையவில்லை. "சும்மா பாத்துக்கிட்டு இருக்காதீங்க. பின்னுங்க வெரசா!" பதினொரு பேரும் உயிரைக் கொடுத்துப் பின்னினார்கள். சாயந்திரத்துக்குள் அந்த விரிப்பு, கறுப்புச் சாரத் துணிகளுக்கு நடுவில் ஒரு வெள்ளை வளையமாக மறைந்துவிட்டது.

மறுநாள் காலையில் மேட்ரன் விரிப்புகளை எண்ணினார். "பத்துத்தான் கிடக்கு. மற்றது எங்க?"

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கட்டில் கிரீச்சிட்டது. கங்காணி எழும்பி நின்றார், கையில் கம்புகூட இல்லை.

"நான்தாம்மா கிழிச்சேன். இந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்ல. அனுப்புறதுன்னா என்னைய அனுப்புங்க."

"கிழிச்சது அவர், தச்சது நான்," என்று ஹனீபா நானாவும் எழும்பினார். "ரெண்டு பேரையும் அனுப்புங்கோ."

"நான் பின்னுனேன்." "நானுந்தான்..." ஒவ்வொருவராக எல்லோரும் எழும்பிவிட்டார்கள்.

மேட்ரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துபோனேன். திரும்பியபோதுதான் தெரிந்தது, அடக்க முடியாத சிரிப்பு!

"பதினொரு பேரும் எழும்பி நிக்கிறியள். டொக்டர் வரேக்கையும் இப்பிடியே நில்லுங்கோ. எனக்கு அது போதும்."

பத்து மணிக்குக் கமிட்டி அம்மாமார் வந்தார்கள். ஒருவர் குனிந்து அந்த வெள்ளை வளையத்தைப் பார்த்து, பழைய துணியை எவ்வளவு வெள்ளையாகத் தோய்த்திருக்கிறீர்கள் என்று அதிசயப்பட்டார்.

"ஓம். எங்கட ஆக்கள் நல்லாத் தோய்ப்பினம்," என்றார் மேட்ரன், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

அந்தக் குளிருக்கு யாரும் படுக்கையோடு போகவில்லை. கங்காணி அதற்குப் பிறகும் நாலு மார்கழி பிரட்டுப் போட்டார்.

இப்போது எனக்கே எழுபது தாண்டிவிட்டது. மகன் வீட்டில் எல்லாம் வசதி. குளிர் என்றால் மருமகள் அறைக்கே கோப்பி கொண்டுவந்து, "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் மாமி, பேசாம படுங்க," என்கிறாள். அன்பாகத்தான் சொல்கிறாள்... அந்த அன்புதான் சில நாள் பாரமாக இருக்கிறது.

நேற்று நானாகவே குசினிக்குப் போய், "போஞ்சிக்காய் இருந்தா குடும்மா, நறுக்கித் தாரேன்," என்றேன். மருமகள் அடுப்பைத் தணித்தாள். கத்தியையும் தட்டையும் எடுத்துக் கொடுத்தாள். நான் நறுக்கியதில் ஒன்று நீளம், ஒன்று குட்டை. அப்படியே கறி வைத்தாள்.

மகன் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டான்.