பேருக்குத்தானுங்க காசு

போன வாரம் என் மாத்திரை அட்டை, மலைமேல் எங்கள் ஊர் பஸ் நிற்கும் ஒண்டிக்கடையில் ஊர் சிரிக்க நின்றது. அதை விட்டுவிட்டு வேறு எதையாவது எழுத எனக்கு மனம் வரவில்லை.

விஷயம் இதுதான். சில வருடங்களாக நான் மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வாராவாரம் இந்தப் பத்தியில் காபிப் பூ, மூடுபனி, டூரிஸ்ட்டுகள் போடும் குப்பை என்று என்னென்னவோ எழுதியிருக்கிறேன்... இதை எழுதியதில்லை. ஊருக்குள் அதற்கு நான் வைத்த பெயர் ‘சத்து மாத்திரை’. தங்கக் கலர் அட்டை, பளபளவென்று ஒரு பிராண்ட் பெயர் — யார் பார்த்தாலும் நம்புவார்கள்.

விலைதான் நம்பும்படி இல்லை. ஏறிக்கொண்டே போனது. நானோ வீட்டில் டியூஷன் எடுத்துப் பிழைப்பவள். நிறுத்திவிடலாமா? இது இல்லாத காலத்தில், காலையில் எழுந்து பல் தேய்க்கவே எனக்கு மத்தியானம் ஆகும். சேலத்தில் என் டாக்டரிடமே கேட்டேன். “ஜெனரிக் வாங்கிக்குங்க, அதே மருந்துதான்” என்று எழுதிக் கொடுத்தார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை? நான் கேட்கவில்லையாம்!

சேலத்திலேயே ஒரு ஜெனரிக் கடையில் விலையைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவுதானா? வேலை செய்யுமா? கடைக்காரர் சிரித்தார்.

“அந்த பிராண்டுல பேருக்குத்தானுங்க காசு. மருந்து ஒண்ணுதானுங்க.”

முதல் சில நாள் என்னை நானே வேவு பார்த்தேன். லேசாகச் சோர்ந்தாலும் பழி மாத்திரை மேல். அப்புறம் அந்தச் சந்தேகத்தையே மறந்துபோனேன். கையில் கொஞ்சம் காசும் நின்றது.

ஒண்டிக்கடை மெடிக்கலில் இந்த மாத்திரையைக் கேட்க எனக்கு என்றைக்குமே துணிச்சல் வந்ததில்லை. சேலத்துக் கடைக்குப் போன் செய்தால் பஸ்ஸில் கொடுத்தனுப்புவார்கள். “டீச்சர், உங்க சத்து மாத்திரைங்க!” என்று கண்டக்டர் அண்ணன் பத்திரமாகக் கொண்டுவந்து தருவார். போன வாரம் மலைப்பாதையில் மண் சரிந்து, பஸ் குப்பனூர் வழியாகச் சுற்றி வந்தது. நல்ல மழை. பேப்பர் கவர் நனைந்து கிழிந்து, அட்டை வெளியே வந்துவிட்டது. கண்டக்டர் அண்ணன் முன்பு பார்த்துப் பழகிய தங்கக் கலரைக் காணோம்.

மனுஷன் பதறிவிட்டார். நான் குடையோடு போய்ச் சேர்வதற்குள், அட்டையைத் தூக்கிக்கொண்டு மெடிக்கல் வாசலில் நிற்கிறார்.

“ஏனுங்க, டீச்சருக்கு டூப்ளிகேட் குடுத்து ஏமாத்திப்போட்டானுங்க பாருங்க!”

மெடிக்கல்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அட்டையைச் சத்தமாகப் படித்தார். “டூப்ளிகேட் எல்லாம் இல்லீங்க. ஆனா இது சத்து மாத்திரையே கெடையாதுங்க. மனசு செரியில்லாதவங்களுக்குக் குடுக்கறது.”

மழைக்கு ஒதுங்கி நின்ற அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

“தெரியாமப் போச்சுங்க டீச்சர்...” என்று கண்டக்டர் அண்ணன் அட்டையை என் கையில் வைத்தார். அவர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

மறுநாளே டியூஷனில் பிள்ளைகள் குறைய ஆரம்பித்தார்கள். யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லையே! “புள்ளைக்கு நொம்பச் சளிங்க டீச்சர்.” “மாமன் ஊட்டுக்குப் போயிருக்குதுங்க.” கரடியூரில் சின்னதாகக் காபித் தோட்டம் வைத்திருக்கும் மல்லிகா மட்டும் நேரில் வந்து மகளைக் கையோடு கூட்டிப் போனார். “தப்பா நெனைச்சுக்காதீங்க. அவிங்கப்பா வேண்டாங்கறாருங்க.”

எனக்கு வயிறு எரிகிறது. இதே மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டுதானே இத்தனை வருடம் அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னமும் இலக்கணமும் சொல்லிக் கொடுத்தேன்? அப்போதெல்லாம் நான் நல்ல டீச்சர். மருந்தை விட்டிருந்தால் அல்லவா பயப்பட வேண்டும்? மாத்திரையில் பிடித்த மிச்சமெல்லாம் டியூஷன் ஃபீஸில் போயிற்று.

முந்தாநாள் அதே மல்லிகா தனியாக வந்தார். மகளைத் திரும்ப அனுப்புவதாகச் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, ஆசையாக நாற்காலியை எடுத்துப் போட்டேன். உட்காரவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பர்ஸைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தார். தங்கக் கலர் அட்டை!

“எனக்குத்தானுங்க. வெலை கட்டுபடியாகாம நாள் விட்டு நாள் போடறனுங்க. ஊட்ல சத்து மாத்திரைன்னு சொல்லி வெச்சிருக்கறேன். அந்தச் சேலத்துக் கடை எங்கீங்க இருக்குது?”

“நாள் விட்டு நாளெல்லாம் போடாதீங்க மல்லிகா. டாக்டரைக் கேட்டு மாத்திக்குங்க” என்று சொல்லி, கடைக்கு வழியும் சொன்னேன். மகளைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. வாசல்படி இறங்கும்போது மட்டும் நின்றார்.

“பஸ்ல குடுத்துவுட வேண்டாமுங்க. பஸ் காசு போனாப் போகுதுங்க, நானே போய் வாங்கிக்கறேன்.”

பேருக்குத்தான் காசு என்று அந்தக் கடைக்காரர் சொன்னாரே... நான் மருந்தின் பேரைச் சொல்கிறார் என்றல்லவா நினைத்துவிட்டேன்!