எது முதலில் ஏறியது

மனைவியிடம்கூடச் சொல்லாததை ஆண்களிடம் கேட்டு, டேப்லெட்டில் கட்டத்தைத் தொடுவது வனிதாவின் வேலை. முன்தோல் நீக்கியாயிற்றா, எச்.ஐ.வி. உண்டா? பெயர் வேண்டாம், எண் போதும். கொழிஞ்சாம்பாறை ஆண்கள் எட்டு வருடமாகத் தென்னையைப் பார்த்துக்கொண்டேதான் அவளுக்குப் பதில் சொல்லி வருகிறார்கள். கூச்சம் மரத்துக்குத்தான் இருந்திருக்கும்.

இந்த வருடக் கணக்கெடுப்பின் முடிவு வந்தது: முன்தோல் நீக்கியவர்களிடையே கிருமி அதிகம். ஒரு பத்திரிகை அதை இன்னும் சுருக்கி, கத்தி பட்டால் எய்ட்ஸ் என்றது.

தோப்புக்காரர் ஆறுமுகசாமிக்கு வியாழக்கிழமை அதே ஆபரேஷன். சர்க்கரை முற்றி, முன்தோல் இறுகி, சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. பத்திரிகையைப் படித்தவர் வரமாட்டேன் என்று கட்டிலில் படுத்துவிட்டார். அவர் மனைவி மருதாத்தாள் வனிதாவை வழிமறித்தாள்.

“ஏன் அம்மிணி, நீ குறிச்சுட்டுப் போன கணக்குத்தானாமா? மனுசன் துடிக்கறாரு. நீயே வந்து சொல்லு.”

“நாளைக்கு வர்றனுங்க” என்றாள் வனிதா.

பொள்ளாச்சி பஸ்ஸில் கண் செருகியது. பனைமரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் நடந்து போயின. டேப்லெட்டிலிருந்த எண்கள் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு பஸ்ஸில் ஏறின. முகமே இல்லாத ஒன்பது பேர், முன்தோல் நீக்கியவர்கள். அவர்களில் நான்கு பேர் கையில் இரண்டு சீட்டு. கிருமிச் சீட்டு பழுத்து மஞ்சளாகியிருந்தது. ஆபரேஷன் சீட்டு மடிப்புக் கலையாத புதிது.

விழித்துக்கொண்டாள். கிருமி முதலில், ஆபரேஷன் பிறகு: நான்கு பேரும் தென்னையைப் பார்த்தபடி அவளிடம் சொன்னதுதான் அது. எப்போது என்று எழுதத்தான் படிவத்தில் கட்டம் இல்லை.

மறுநாள் கட்டிலருகே நின்றாள்.

“ஏனுங்க, எங்க கணக்குல ரெண்டும் இருக்கற நாலு பேருக்கும் கிருமிதான் மொதல்ல வந்துச்சு. அதுல புண்ணு, புண்ணுக்காக ஆபரேஷன். நாங்க தேதி கேக்காம உட்டுட்டமுங்க.”

“அப்பக் கத்தி மேல தப்பில்லீங்கற.”

“இல்லீங்க. வெளிநாட்டுல செஞ்சவங்களையும் செய்யாதவங்களையும் டாக்டருங்க வருசக்கணக்கா தொடர்ந்து பார்த்ததுல, இது செஞ்ச ஆம்பளைங்களுக்குப் பொம்பளைங்ககிட்ட இருந்து தொத்தறது கொறைவுங்க.”

ஆறுமுகசாமி எழுந்து உட்கார்ந்தார். “அப்ப வரவே வராதா?”

“கொறைவுதானுங்க. ஆணுறை வேண்டாம்னு அர்த்தமில்ல.”

“அறுவத்திமூணு வயசுல கேக்கற கேள்வியப் பாரு” என்றாள் மருதாத்தாள்.

வியாழக்கிழமை காலை, அதே பொள்ளாச்சி பஸ்ஸில் வனிதாவுக்கு அருகே மருதாத்தாள், மடியில் துணிப்பை. ஆறுமுகசாமி ஜன்னலோரம், பனைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“ரத்தம் நேத்தே பார்த்துட்டாங்க அம்மிணி. கிருமி இல்ல. ஆபரேஷன் இன்னிக்கு. தேதியோட எழுதிக்க.”

கட்டம் இல்லாததால் வனிதா உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.